சுருளாத தக்காளி

1

நெதர்லாந்துக் கடை ஒன்றில் சூயிங்கத்துக்கும் சவர பிளேடுக்கும் நடுவில், பில் போடும் இடத்தில் தொங்கிய ஒரு விதைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கால் மணி நேரம் நான் விஞ்ஞானியாக இருந்தேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அந்தக் கால் மணி நேரம் மாதிரி ஒரு சுகம் அதற்குப் பிறகு கிடைக்கவில்லை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெட்கப்படுவதிலும் பாதிப் பொய் கலந்துவிடும்.

நேற்று அதே கடை, அதே கம்பி, அதே பொட்டலம். குளிர் விட்டதும் பால்கனியில் எதையாவது முளைக்கவைக்காவிட்டால் நெதர்லாந்துக்காரர்களுக்குத் தூக்கம் வராது. பொட்டலத்தின் மேல் பளபளத்த தக்காளிப் படத்தைப் பார்த்தபடி வரிசையில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்ற பெண்மணி ஏதோ கேட்டார். இருபது வருடமாக இந்த ஊரில் வரி கட்டுகிறேன். ஆனாலும் நினைப்பு வேறெங்காவது போனால் என்னைவிட்டு முதலில் ஓடிப்போவது டச்சு மொழிதான். "இல்லை, அது செத்துவிட்டது" என்று பதில் சொன்னேன். அந்த அம்மாள் ஆழ்ந்த அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். நான் முன்னால் நகர வேண்டும் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.

செத்தது என்னவென்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் வேளாண்மை படித்தவன். படித்ததோடு சரி. இங்கே ஒரு விதைக் கம்பெனியில் ஒழுங்குமுறை விவகாரங்கள் என்றொரு பிரிவு இருக்கிறது. அதில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். மண் படாத விவசாயம். கம்பெனியின் கண்ணாடி வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் காலுக்கு உறை மாட்டிக்கொள்ள வேண்டும். என்னை அதற்குள் இரண்டு தடவை விட்டிருக்கிறார்கள், அதுவும் விருந்தாளியாக.

என்ன எழுதினேன்? பழைய மரபணு மாற்றம் என்பது வெளியாள் ஒருவனைக் கூட்டிவந்து வீட்டில் குடிவைப்பது. பாக்டீரியாவின் மரபணு பருத்திக்குள் போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். இப்போது வந்திருக்கும் மரபணுத் திருத்தம் வேறு. வீட்டில் ஏற்கெனவே இருப்பவனின் மீசையை மட்டும் எடுப்பது. வெளியாள் கிடையாது. செடியின் சொந்த எழுத்தில் ஓர் எழுத்து நீங்கும் அல்லது மாறும், அவ்வளவுதான். வயலில் தானாகவே கூட அப்படி மாறலாம். எடுத்த பிறகு, மீசையை எடுத்தானா, அவனுக்கு முளைக்கவே இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால், வெளியாளைக் குடிவைத்த செடிக்குப் போட்ட சட்டத்தை மீசை எடுத்த செடிக்கும் போடாதீர்கள் என்று ஐரோப்பாவில் வருடக்கணக்காக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். கமிட்டி, துணைக் கமிட்டி, துணைக் கமிட்டிக்குக் காபி கொடுக்கும் கமிட்டி. அவர்களுக்கெல்லாம் போகும் எங்கள் காகிதங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். அது நான் எழுதியது. "இவ்வகைத் தாவரத்தை, இயற்கையில் விளைந்த தாவரத்திலிருந்து எந்தச் சோதனையாலும் பிரித்தறிய இயலாது." இதை நான் ஆங்கிலத்தில் எழுதினேன், டச்சில் யாரோ மொழிபெயர்த்தார்கள். இதைத் தவிர இந்த உலகத்துக்கு நான் எதையும் விட்டுப்போகப்போவதில்லை என்று நினைத்திருந்தேன்.

என் மகள் யாழினி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன வருடம் எங்கள் கம்பெனி வாசலில் மரபணுத் திருத்தத்தை எதிர்த்து ஓர் ஆர்ப்பாட்டம் நடந்தது. அவள் கேரட் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இருவரும் ஒரே பேருந்தில்தான் போனோம். கேரட் அகலமாக இருந்ததால் நான் நின்றுகொண்டே போனேன்.

3

என் தங்கை செல்வியை பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை மாதையன் தக்காளி வைப்பவர். எங்கள் பக்கத்தில் தக்காளி வைப்பது விவசாயமா சூதாட்டமா என்று கேட்டால், சூதாட்டத்தில் இலைச்சுருட்டு நோய் வராது என்பதுதான் வித்தியாசம். வெள்ளை ஈ பறந்து வந்து உட்காரும். வைரஸை விட்டுவிட்டுப் போகும். இலை கைவிரலை மடக்குவது மாதிரி சுருளும். அப்புறம் செடி உயிரோடுதான் இருக்கும், காய்க்காது. வீட்டுக்கு ஓர் ஆள் அப்படி இருந்தால் சகித்துக்கொள்ளலாம், ஏக்கர் முழுக்க இருந்தால் என்ன செய்வது?

மாதையனுக்குத் தொடர்ந்து இரண்டு போகம் சுருண்டது. அப்போது போனில் அவருக்கு ஆறுதல் சொல்லப் போய், எங்கள் கம்பெனிக் கண்ணாடி வீட்டில் சுருளாத தக்காளி ஒன்று இருப்பதாகவும், சட்டம் ஒத்துக்கொண்டால் ஒருநாள் வெளியே வரும் என்றும் பெருமையடித்தேன். ஆறுதல் சொல்லும்போது இரண்டு வாக்கியத்தோடு நிறுத்த வேண்டும். மூன்றாவது வாக்கியம் எப்போதும் நம்மைப் பற்றியதாகிவிடுகிறது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். பெட்டியில் சோப்பு, நகவெட்டி, மூட்டுவலித் தைலம், இவற்றோடு அந்தப் பால்கனித் தக்காளிப் பொட்டலம். செல்வி வீட்டு மாடியில் பூந்தொட்டிகள் வைத்திருப்பதைப் பார்த்து வாங்கியது. இப்படி விதையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டக் கூடாது என்பது வேளாண்மை படித்த எனக்குத் தெரியும். நகவெட்டி மாதிரிதானே என்று நினைத்தேன்.

செல்வி பெட்டியைக் கிளறும்போது பொட்டலம் வெளியே விழுந்தது. மாதையன் எடுத்தார். பக்கத்துக் காட்டுக்காரரும் அவருக்குப் பங்காளியுமான முனியப்பன் எட்டிப் பார்த்தார். டச்சு எழுத்து, தக்காளிப் படம்.

"மச்சான்," என்றார் மாதையன், குரலைத் தாழ்த்தி. "இது அதுங்களா?"

'இல்லை' என்று ஒரு சொல் போதும். ஆனால் இருபது வருடத்தில் அந்த வீட்டில் என் முகத்தை அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. பழக்க தோஷத்தில் அலுவலக வாக்கியம் வாயில் வந்துவிட்டது.

"அதப்பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது மாப்ள."

அதோடு விடாமல் மரபணுவை எப்படிக் கத்தரிக்கிறார்கள் என்று விளக்கினேன். பேப்பரில் படம் போட்டேன். முனியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். காபி இரண்டு தடவை வந்தது. கால் மணி நேரம் கழித்து மனசாட்சி முழித்துக்கொண்டது.

"அட, இது சும்மாப்பா. கடையில வாங்குனது. சாதாரண வெத."

மாதையன் மெல்லச் சிரித்தார். "சரிங்க மச்சான். கடையில வாங்குனதுதான். யாரு கேட்டாலும் நாங்களும் அப்பிடியே சொல்லிக்கறோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறவன்தான் "ஏதோ ஊறுதுங்க" என்பான். பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்ட வீட்டில்தான் "இன்னும் ஒண்ணும் பாக்கலைங்க" என்பார்கள். இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும், கேட்டுவிடுவார்கள், அதனால் இருப்பவன் இல்லை என்பான். இல்லாதவன்தான் இருக்கிறது என்று சொல்லித் திரிவான். இந்த இலக்கணத்துக்குள் பிறந்து வளர்ந்த நான், இதே இலக்கணக்காரர்களிடம் போய் "இல்லை" என்றேன். அழுத்திச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு உறுதியானது.

4

மாதையன் அந்த விதையைப் பூந்தொட்டியில் போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் நட்டார். மழைக்காலம், அடுத்துப் பனிக்காலம். வெள்ளை ஈ குறைவாக இருக்கும் பருவம். எதை நட்டிருந்தாலும் சுருண்டிருக்காது. சுருளவில்லை. எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நான் கட்டை விரலை உயர்த்தும் பொம்மையைப் போட்டேன். அன்று பிற்பகல் எனக்குக் கூட்டம் இருந்தது.

காய்த்ததில் விதை எடுத்துக் குழித்தட்டில் நாற்றுப் போட்டு, பங்குனி வாக்கில் ஏக்கர் முழுக்க வைத்துவிட்டார். இது எனக்குக் காய் பிடித்த பிறகுதான் தெரியும். போன் செய்தேன்.

"மாப்ள, அது ஒட்டு வெத. அதுல இருந்து எடுத்த வெத ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது. தெரியுமில்ல?"

"தெரியுதுங்க மச்சான். ஒரு செடி கோலிக்குண்டு, ஒரு செடி எலுமிச்சங்கா, ஒண்ணு மஞ்சளா கூட வருது. திருத்துனா அப்பிடித்தான் இருக்கும்னு பேசிக்கறாங்க."

"யாரு பேசிக்கறாங்க?"

"நீங்க படம் போட்டுக் காட்டுனீங்களே, அத முனியப்பன் போட்டோ புடிச்சு வச்சிருக்கறாப்ல."

"அத எவன் வாங்குவான் மாப்ள, கோலிக்குண்டு தக்காளி?"

"எல்லாத்துக் காடும் சுருண்டு போவட்டும். மண்டியில தக்காளியே இல்லாதப்ப கோலிக்குண்டையும் எடுப்பான். குண்டுமணியா இருந்தாலும் எடுப்பான்."

ஏக்கர் முழுக்கக் குச்சி நட்டு, கம்பி இழுத்து, சொட்டு நீர் போட்டு, அந்த வருடத்தை அவர் அதில் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் நான் உடனே டிக்கெட் போட்டுப் போய் அந்தக் காட்டின் நடுவில் நின்று "இது பால்கனித் தக்காளி" என்று கத்தியிருக்க வேண்டும். அப்போதும் நம்பியிருக்க மாட்டார்கள், காவலுக்கு ஆள் போட்டிருப்பார்கள்.

முனியப்பன் நாற்றுக் கேட்டிருக்கிறார். மாதையன், "அட, அது சும்மா கடை வெதப்பா, உனக்கு எதுக்கு?" என்றிருக்கிறார், என்னிடம் கற்ற அதே சிரிப்போடு. பங்காளிக்கு அதைவிட என்ன வேண்டும்? முனியப்பன் சாமந்தி வைத்தார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுவும் வைத்தார். அயல்நாட்டுத் தடை விதை, மரபணு மாற்றியது, மண் கெட்டுப்போகும், மகரந்தம் பறக்கும். கடைசி வாக்கியம் நான் அந்த வீட்டில் விளக்கிய பாடத்திலிருந்து எடுத்தது.

5

வேளாண்மைத் துறையிலிருந்து அதிகாரி வந்தார். இளம் பெண். நன்றாகப் படித்தவர், மரியாதையானவர், யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர். இப்படிப்பட்டவர்களிடம் மாட்டினால் தப்பிக்க வழியே கிடையாது. இலையும் காயும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு தெரியும்வரை காயைப் பறிக்கக்கூடாது, செடியை வெளியே கொண்டுபோகக்கூடாது, மாதிரி கெட்டுவிடும் என்பதால் மருந்தும் அடிக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

பரிசோதனை முடிந்ததும் காட்டிலிருந்தே என்னை வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் மாதையன், அவருக்குப் பின்னால் பச்சைப்பசேல் என்று ஏக்கர் முழுக்கச் செடி.

"சார், இந்த வெத நீங்க கொண்டுவந்ததா?"

"ஆமாங்க மேடம். ஆனா சாதாரண வெத. சூப்பர் மார்க்கெட்ல வாங்குனது."

"பாருங்க மேடம்," என்றார் மாதையன். "நான் என்னா சொன்னனோ அதயேதான் சொல்றாரு." அவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்தார்.

"லேப் ரிப்போர்ட் வந்துடுச்சு சார். அயல் மரபணு எதுவும் இல்லை."

"அப்ப முடிஞ்சுதுங்களே மேடம்."

"எப்படி சார் முடியும்? திருத்துன செடியில அயல் மரபணு இருக்காதே. அது திருத்துனதா இல்லையான்னு இந்த டெஸ்ட்டுல தெரியுமா?"

"எந்த எடத்துல திருத்துனாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சா..."

"தெரியலைன்னா?"

நான் தண்ணீர் குடித்தேன். அவர் இன்னொரு போனை எடுத்து, அதில் எங்கள் கம்பெனிக் காகிதம் ஒன்றைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். எந்தச் சோதனையாலும் பிரித்தறிய இயலாது. கமா உட்பட சரியாக வாசித்தார்.

"உங்க பேர் போட்டிருக்கு சார். ரொம்ப தெளிவா எழுதியிருக்கீங்க."

"தேங்க்யூ மேடம்" என்றேன். அனிச்சையாக வந்துவிட்டது. அந்த வாக்கியத்தைப் பாராட்டிய முதல் ஆள் அவர்தான்.

நிலைமை இதுதான். நம் நாட்டிலும் அயல் மரபணு இல்லாத திருத்தத்துக்கு ஓரளவு விலக்கு உண்டு. ஆனால் திருத்தியவர்கள் வந்து, இன்னதைத் திருத்தினோம், வெளியாள் யாரும் உள்ளே இல்லை என்று ஆதாரத்தோடு கேட்டுப் பெற வேண்டும். மாதையனின் தக்காளி திருத்தப்பட்டதாக இருந்திருந்தால் அதற்கு ஒரு கமிட்டி இருக்கிறது, வாசல் இருக்கிறது. திருத்தப்படாத தக்காளிக்கு அந்த வாசலில் என்ன வேலை? தக்காளி வெறும் தக்காளிதான் என்று சான்று தருவதற்கு எந்த நாட்டிலும் கமிட்டி கிடையாது. பிரித்தறிய முடியாது, ஆகவே விட்டுவிடுங்கள் என்று நான் எழுதியதை, பிரித்தறிய முடியாது, ஆகவே விட முடியாது என்று அந்தப் பெண் படித்தார். இரண்டு வாசிப்புக்கும் ஒரே வாக்கியம்தான். எழுதிய எனக்கே எது சரி என்று சொல்லத் தெரியவில்லை.

"ஒரு வழி இருக்கு சார்," என்றார். "எங்க வாங்குனீங்க, எதுக்குக் கொண்டுவந்தீங்க, இது திருத்துன வெதன்னு ஊர்ல எப்படிப் பேச்சு வந்துச்சு, எல்லாத்தையும் சத்தியப் பிரமாணமா எழுதி அனுப்புங்க. மேல சொல்லிப் பாக்கறேன். சீக்கிரம் சார். காய் பழுத்துட்டிருக்கு."

6

எங்கள் கம்பெனி வக்கீலின் பெயர் மரீகே. என்னோடு தினமும் மதியம் ரொட்டி சாப்பிடுகிறவள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"ஆக, நீ ஒரு விதையைக் களவாகக் கொண்டுபோனாய். அது எங்களுடைய விதை என்று அவர்கள் நம்புகிறார்கள். அவர்களை நம்பவைத்தது நீ என்று இப்போது கையெழுத்துப் போடப்போகிறாய்."

"கால் மணி நேரம்தான் நம்பவைத்தேன்."

"எழுது. எழுதுவது உன் உரிமை. எழுதிய பிறகு உன்னை இந்தப் பிரிவில் வைத்திருப்பதா என்று யோசிப்பது எங்கள் உரிமை." பிறகு அன்பாக, "உன் ரொட்டியைச் சாப்பிடு" என்றாள்.

பொட்டலக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். திருத்தப்பட்டதென்றால் சட்டப்படி சொல்லியிருப்போம், சொல்லவில்லையென்றால் திருத்தப்படவில்லை என்று பொருள், சொல்லாததற்குச் சான்றிதழ் தரும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. கூடவே தள்ளுபடிக் கூப்பன் ஒன்றும் வந்தது.

பிரமாணத்தை எழுத ஆரம்பித்தேன். வாங்கியதை எழுதுவது சுலபமாக இருந்தது. கொண்டுபோனதையும் எழுதிவிட்டேன். ஊரில் எப்படிப் பேச்சு வந்தது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. "தவறான புரிதல் ஏற்பட்டது" என்று எழுதினேன். "ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு" என்று மாற்றினேன். காற்புள்ளியை நகர்த்தினேன். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. மாதையன் போனில் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. "உங்க வேலையப் பாத்துக்கிட்டு செய்யுங்க மச்சான்" என்றார். அதைக் கேட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

யாழினி தன் அம்மாவிடம் பேச்சுக்கொடுத்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். அவளுடைய தமிழ் சமையலறையில் கற்றது. அதில் சாப்பாடு உண்டு, கோபம் உண்டு, சமாதானம் கிடையாது.

"அப்பா, நீங்க அவங்ககிட்ட இல்லைன்னு சொன்னீங்க. அவங்க நம்பல. அப்ப அவங்க நம்பினது எத?"

"என்னத்தான் நம்பினாங்க."

"உங்கள நம்பலப்பா. உங்க கம்பெனிய நம்பினாங்க. உங்கள நம்பியிருந்தா தொட்டியில நட்டிருப்பாங்க." அடுத்து, "கையெழுத்துப் போட ஏன் இத்தன நாள்?" என்றாள்.

"வாசகம் சரி பாக்கணும்மா."

அதற்கு அவள் டச்சில் ஒன்று சொன்னாள். இந்த மொழியில் எனக்குப் புரியாத வார்த்தை நிறைய இருக்கிறது. அது அவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

கடைசியில் எழுதினேன். 'நான் பெருமைக்காக மறுக்காமல் இருந்தேன்' என்றே எழுதினேன். தூதரகத்துக்குப் போனால், "நீங்க இந்தியக் குடிமகன் இல்லையே சார், இந்த ஊர் நோட்டரிகிட்டப் போங்க" என்றார்கள். இந்த ஊர் நோட்டரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தக்காளி தக்காளிதான் என்று ஒரு மனிதனைச் சத்தியம் செய்யச் சொல்வது எந்த நாட்டுச் சட்டம் என்று கேட்டார். பிறந்த நாடு என்று சொல்ல வாய் வரவில்லை. "மனைவியின் நாடு" என்றேன். பிறகு நீதிமன்றத்து முத்திரை. பிறகு கூரியர்.

7

இதற்கிடையில் காட்டில் நடந்ததைச் செல்விதான் சொன்னாள்.

சித்திரை, வைகாசி வெயிலில் சுற்றுவட்டாரம் முழுக்கச் சுருண்டது. பாலக்கோடு மண்டிக்கு வரும் வண்டிகள் குறைந்தன, விலை ஏறியது. மாதையன் கணக்குப்போட்டது அப்படியே பலித்தது. அவர் காடு மட்டும் சுருளவில்லை. எல்லோருக்கும் பிந்தி நட்டதால் இருக்கலாம், காற்று வந்த திசையால் இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். எந்த விவசாயியும் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும் அதிர்ஷ்டம். இங்கே அதுவே குற்றச்சாட்டாகிவிட்டது. செடி நன்றாக இருந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிரான சாட்சி. வேடிக்கை பார்க்க அதியமான்கோட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் பைக்கில் வந்தார்கள். பழுத்ததைப் பறிக்கக் கூடாது. பழம் கொட்டியது. முனியப்பன் சாமந்திக்குள் நின்றபடி கேட்பாராம்:

"என்னா மாது, எல்லாத்துக்கும் சுருளுது, உங்க கடை வெத மட்டும் சுருளலியா?"

"அதிர்ஷ்டம்பா."

"அதிர்ஷ்டம் பிளைட்டுல வருதாட்டம் இருக்குது."

கேஸ் ஆகும், பட்டாவில் ஏறும், பையன் வேலைக்குப் போகும்போது போலீஸ் விசாரணையில் தெரியும் என்று ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். செல்விக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பஸ் ஏறித் தீர்த்தமலைக்குப் போயிருக்கிறாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"சுருட்ட வரட்டும்னு வேண்டிக்கிட்டேண்ணா."

"உன் காட்டுக்கா?"

"பின்ன, அடுத்தவங்க காட்டுக்கா வேண்டுவாங்க? வந்துட்டா இது அந்த வெத இல்லன்னு ஆயிடுமில்ல. மலை ஏறி, தீர்த்தத்துல தலய நனைச்சு, எங்க செடி சுருளணும் சாமின்னு கேட்டேன். பக்கத்துல ஒரு அம்மா குழந்த வேணும்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

சாமி சீக்கிரமே செவிசாய்த்தார். மருந்து அடிக்காத காடு. வெள்ளை ஈ வந்து உட்கார்ந்தது. பத்துப் பதினைந்து நாளில் மேல்மடையிலிருந்து கீழ்மடைவரை சுருண்டது. அதிகாரி வந்து பார்த்தார். மடங்கிய இலையை விரலால் நீவிப் பார்த்தார். வைரஸ் தாக்கியுள்ளது, நோய் எதிர்ப்புத்தன்மை காணப்படவில்லை, எனவே புகாரில் கண்ட திருத்தப்பட்ட ரகம் அல்ல என்று எழுதிக் கோப்பை மூடினார். எந்தச் சோதனையாலும் பிரித்தறிய முடியாததை ஓர் ஈ பிரித்துக் காட்டிவிட்டது. என் வாக்கியத்தை இனி திருத்தியாக வேண்டும். மரீகேயிடம் இன்னும் சொல்லவில்லை.

அதிகாரி எனக்கும் போன் செய்தார். சந்தோஷமாக இருந்தார். "நல்லவேளையா நோய் வந்துடுச்சு சார். காயைப் பறிச்சுக்கலாம்னு உத்தரவு குடுத்துட்டேன். உங்க பிரமாணம் இன்னிக்குத்தான் வந்துச்சு. இனி தேவைப்படாது, ஆனா பைல்ல வச்சுக்கறேன்." நான் பெருமைக்காக மறுக்காமல் இருந்தேன் என்று, இரண்டு முத்திரையோடு, ஒரு பீரோவில் இப்போது இருக்கிறது. கம்பெனிக்கும் அதன் நகல் போனது. நான் இப்போது பதிப்புப் பிரிவில் இருக்கிறேன், காய்கறிப் படங்களுக்குக் கீழே வாசகம் எழுதுகிறேன்.

பறிக்க மிச்சமிருந்தது அழுகலும் சூம்பிய பிஞ்சும்தான். மாதையன் டிராக்டரில் ரோட்டவேட்டர் விட்டு எல்லாவற்றையும் மடக்கி உழுதார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கேட்டபோது, "விடுங்க மச்சான், சுருட்ட எங்களுக்குப் புதுசுங்களா" என்றார். ஊரில் இப்போது அவருக்கு ஹாலந்து மாது என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாராம். திரும்பாவிட்டால் சத்தத்தைக் கூட்டிச் சொல்கிறார்களாம்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, வெளியே அனுப்புவதற்கு முன் செல்விக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"எழுதுனது நல்லாத்தான் இருக்குது," என்றாள். "ஆனா அந்தத் தக்காளில புளிப்பே இல்லண்ணா. வூட்டுப் பின்னாடி மொத மொத காச்சப்பவே ரசம் வச்சுப் பாத்தோம். வெல்லத்தக் கரைச்சு ஊத்துனாப்ல இருந்துச்சு. சுருளாம நின்னுருந்தாலும் அத ஒருத்தனும் எடுத்திருக்க மாட்டான்."

"அப்புறம் எதுக்கும்மா ஏக்கர் முழுக்க வச்சீங்க?"

"நீ அவ்வளோ தூரத்துல இருந்து கொண்டாந்துட்ட. வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"